பசியாறிட்டீங்களா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில், பொங்கோலில் இருக்கிறேன், நிரந்தரவாசி. தஞ்சாவூருக்குப் போனால் ‘சிங்கப்பூர்க்காரர்’ என்கிறார்கள். இங்குள்ள தமிழர்களோ ‘ஊர்க்காரர்’ என்கிறார்கள். மின்தூக்கியில் பார்க்கும் பெரியவர் தினமும் ‘பசியாறிட்டீங்களா?’ என்பார். இந்தக் கலப்புத் தமிழோடு எனக்கு ஒட்டவில்லை, சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். மகனுக்குக் கட்டாயப் படைப்பணியான தேசிய சேவை நெருங்குகிறது. குடியுரிமை எடுப்பதா, திரும்பிவிடுவதா?

அன்புள்ள நண்பருக்கு,

குடியுரிமை பற்றி நான் சொல்ல அதிகமில்லை. இரண்டு நாடுகளுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்தியர்களுக்கான ஓசிஐ அட்டை எடுத்தால் தஞ்சாவூருக்கு விசா இல்லாமல் போய்வரலாம், வாக்களிக்கவோ வயல் வாங்கவோ முடியாது. தேசிய சேவை செய்யப்போகிறவன் உங்கள் மகன். அவனையும் உட்காரவைத்துப் பேசுங்கள். ‘ஊர்க்காரர்’ என்பதும் வசையல்ல, போய்ச்சேர ஓர் ஊர் இன்னும் மிச்சமிருப்பவர்மீது எங்களுக்கு இருக்கும் சிறு பொறாமை.

ஆனால் பசியாறுவதைக் கலப்புத் தமிழ் என்று எழுதியதை நான் லேசில் விடமாட்டேன். பசி, ஆறுதல்: இதில் எது கலப்பு? உங்கள் வீட்டில் காலையில் சாப்பிடுவதற்குப் பெயர் ‘டிஃபன்’தானே? தஞ்சாவூரிலிருந்து நாகூர் எவ்வளவு தூரம்? அங்கே முஸ்லிம் வீடுகளில் காலை உணவுக்குப் பசியாற என்றுதான் பெயர். உங்கள் பக்கத்துச் சொல்லைத்தான் அந்தப் பெரியவர் உங்களிடமே கொண்டுவந்து நீட்டுகிறார். இத்தனை ஆண்டுகளாக ஒரு மனிதர் உங்கள் வயிற்றை விசாரித்திருக்கிறார், நீங்களோ அவருடைய மொழிக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இதில் ஒட்டவில்லை என்ற குறை வேறா?

என் அப்பா 1948இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. 1957இல், எட்டாண்டு குடியிருந்தவர்கள் குடிமக்களாகப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது, “ஊருக்குப் போகிறவனுக்கு எதற்கு?” என்று இருந்துவிட்டார். கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி. அதில் பாச்சை உருண்டை வாசத்தோடு ஒரு மல்வேட்டி, கப்பலைவிட்டு இறங்கும்போது கட்டுவதற்கு. ஆண்டுக்கொருமுறை வெயிலில் உதறி, மடிப்பு மாறாமல் மறுபடி உள்ளே வைப்பார்.

1968இல் பிரிட்டிஷார் தளத்தைக் காலிசெய்யப்போவதாக அறிவித்தார்கள். குடிமக்களாகாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டியிருந்த காலம். பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். 1971இல் அப்பாவும், அம்மாவையும் தங்கைகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். இங்கேயே பிறந்த நான், வேலை கிடைத்திருந்ததால் தங்கிவிட்டேன்.

அடுத்த ஆண்டு பார்க்கப் போயிருந்தேன். மல்வேட்டி மடிப்பிலேயே இற்றுக் கிழிந்திருந்தது. டீக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா “பசியாறியாச்சா?” என்று கேட்பாராம், அவர் தலை மறைந்ததும் இளவட்டங்கள் அதையே அவர் குரலில் சொல்லிச் சிரித்தார்கள். உங்கள் கடிதத்தில் நான் கேட்டது அந்தச் சிரிப்பைத்தான். கோபம் கொஞ்சம் கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அவர் எனக்கு எழுதிய ஏரோகிராம்கள் பதினேழு. ஒவ்வொன்றிலும், உடம்பு எப்படி என்று கேட்பதற்கும் முன்னால், பக்கத்து வீட்டு மலாய்க்காரரின் ரம்புத்தான் மரம் இந்த ஆண்டு காய்த்ததா என்று கேட்டிருக்கிறார். அதன் நிழலில் சைக்கிளை நிறுத்திவந்த காலமெல்லாம், அப்படியொரு மரம் இருப்பதாகவே அவர் பேசி நான் கேட்டதில்லை.