கோகர்ணத்துக் குன்றுப் பாதை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வரும் ஜனவரியில் நானும் என் மனைவியும் கோகர்ணம் மகாபலேசுவரரைத் தரிசிக்கச் செல்கிறோம். ஓம் கடற்கரைக்கு அப்பால், சாலையே போகாத ஒரு சிறு கடற்கரையைக் குன்றின் மேலிருந்து பார்க்கலாம் என்று எங்கள் மகன் சொல்கிறான். இருவருக்கும் அறுபது வயது நெருங்குகிறது. மனைவிக்கு முழங்கால் வலியும் உண்டு. அந்தப் பாதையில் எங்களால் நடக்க முடியுமா? – திருச்சி வாசகர்

பதில்: காட்சிமுனை வரை தாராளமாக நடக்கலாம். அதற்குக் கீழே இறங்குவதைப் பற்றி மட்டும் சற்று யோசிக்க வேண்டும்.

முதலில் அந்த இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், வடக்கே கங்காவளி ஆறும் தெற்கே அகநாசினி ஆறும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே கோகர்ணம் இருக்கிறது. ஊரை ஒட்டிய பெரிய கடற்கரையிலிருந்து தெற்கு நோக்கிச் சென்றால் குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று நான்கு கடற்கரைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அந்தக் குன்றின் மேல் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். ஓம் கடற்கரை வரை ஆட்டோ வரும். தங்கள் மகன் குறிப்பிடுவது ஹாஃப் மூன் கடற்கரையாகத்தான் இருக்க வேண்டும்; அதற்குச் சாலை கிடையாது, நடந்தோ படகிலோதான் போக முடியும்.

முழங்கால் வலி இருப்பதால், ஊரிலிருந்து நடக்கத் தொடங்காமல் ஓம் கடற்கரை வரை ஆட்டோவில் சென்றுவிடுங்கள். மணலைக் கடந்து அதன் தென்கோடிக்குப் போனால், மரங்களுக்கு ஊடே ஒற்றையடிப் பாதை ஒன்று மேலேறுவதைக் காணலாம். முதல் சில நிமிடங்களின் ஏற்றம்தான் மூச்சு வாங்க வைக்கும். அதன் பிறகு குன்றின் மேல் ஓரளவு சமதளமாகவே போகிறது. வலப்பக்கம் முழுவதும் கடல். நின்று நிதானித்து நடந்தாலும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். பாதை தெற்கே திரும்பும் ஒரு வளைவில், அதுவரை மறைந்திருந்த சிறிய பிறைவடிவ மணல்வெளி நேர் கீழே தென்படும். பின்னால் மரங்கள் அடர்ந்த சரிவு, இரு முனைகளிலும் கருத்த பாறைகள், நடுவே மணல் என்று அந்தக் கடற்கரை முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். கீழே போய் மணலில் நிற்பவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது. அதனால்தான், இறங்க முடியாதவர்கள் எதையோ இழந்துவிட்டதாக வருந்தத் தேவையில்லை என்று துணிந்து சொல்கிறேன்.

இறங்குவது வேறு கதை. சரிவில் மண்ணோடு கலந்து உருண்டையான சிறு சிவப்புக் கற்கள் பரவிக் கிடக்கின்றன. காய்ந்த நாட்களில் அவற்றின் மேல் கால் வைப்பது, தரையில் சிந்திய கொண்டைக்கடலையின் மேல் நடப்பது போலத்தான் இருக்கும். ஏறும்போது அவ்வளவாகத் தெரியாது. இறங்கும்போது உடலின் எடை முழுவதும் முழங்காலில் விழுவதோடு பாதமும் வழுக்கும். தங்கள் மனைவி காட்சிமுனையிலேயே நிழலில் அமர்ந்திருப்பது நல்லது. செருப்பு வேண்டாம், அடிப்பாகத்தில் நல்ல பிடிப்புள்ள காலணியும் ஒரு கைத்தடியும் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கையில் வேண்டும், வழியில் கடை இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

பலரும் மாலையில்தான் போகிறார்கள். என்னைக் கேட்டால் காலை ஏழரை மணி வாக்கில் ஓம் கடற்கரையிலிருந்து புறப்படுவதே மேல் என்பேன். மேற்குக் கடற்கரையில் காலை வெயில் நம் முதுகுப் பக்கம் விழுவதால், கடல் கண்ணைக் கூசாது. கரையோரத்து வெளிர்பச்சை எங்கே முடிந்து ஆழ்நீலம் எங்கே தொடங்குகிறது என்பது மேலிருந்து துல்லியமாகத் தெரியும். நீருக்குள் கிடக்கும் பாறைகள்கூடக் கண்ணுக்குப் புலப்படும். மாலையில் சூரியன் எதிரே நிற்பதால், கடல் முழுவதும் ஒரே பளபளப்பாகி இவையெல்லாம் மறைந்துவிடுகின்றன. அதிகாலையில் தரிசனத்தை முடித்துக்கொண்டு நேரே குன்றுக்கு வந்துவிடலாம். அப்பரும் சம்பந்தரும் பாடிய துளுவ நாட்டுத் தலமான கோகர்ணத்துக்கு அவ்வளவு தொலைவு பயணம் செய்து வருகிற நம்மவர்கள், கோயில் வாசலோடு திரும்பிவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற ஒன்று.

கேள்வி: அந்தக் குன்று சிவப்பாக இருப்பது ஏன்? விளிம்பில் நின்று படம் எடுப்பது ஆபத்து என்கிறார்கள். கல்தானே, அது எப்படி இடியும்? – கோவை வாசகர்

பதில்: அது செம்பூரான் கல். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கோயில்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பமும் கனமழையும் சேர்ந்த நிலத்தில், நெடுங்காலமாகப் பாறைக்குள் இறங்கும் நீர் அதிலுள்ள சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோய்விட, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மட்டும் தங்கி இறுகிப்போவதால் உண்டாவது இந்தக் கல். சிவப்பு நிறம் அந்த இரும்பின் துரு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் தென்னிந்தியாவைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், கேரளத்து அங்காடிப்புறத்தில் மக்கள் இதை வெட்டி வீடு கட்டுவதைக் கண்டு, 1807-இல் வெளியிட்ட பயண நூலில் லேட்டரைட் என்று பெயரிட்டார். மண்ணுக்குள் இருக்கும்போது கத்தியால் செதுக்கும் அளவுக்கு மென்மையாக இருக்கும் இது, காற்றுப் பட்டதும் கெட்டியாகிவிடும்.

தங்கள் கேள்விக்கான விடை இந்தக் குணத்தில்தான் இருக்கிறது. குன்றின் மேல் ஓடு கெட்டி. அதன் அடியில் இருப்பதோ களிமண் கலந்த மென்மையான அடுக்கு. அலையும் மழைநீரும் கீழ் அடுக்கை அரித்துத் தின்னத் தின்ன, மேல் ஓடு மட்டும் தாங்கல் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே நிற்பவருக்கு அது உறுதியான தரையாகவே தெரியும். தமக்குக் கீழே ஒன்றும் இல்லை என்பதைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவரே அறிவார். ஆகவே எந்த வளைவிலும் சற்றுத் தள்ளி நின்று, எதிர்ப்பக்கத்து விளிம்பை முதலில் பாருங்கள். அங்கே புல்லின் வேர்கள் காற்றில் தொங்கினாலோ, மேற்பரப்பில் விளிம்புக்கு இணையாக ஒரு வெடிப்பு ஓடினாலோ, தாங்கள் நிற்கும் பக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று கொள்ளலாம். விளிம்பிலிருந்து தங்கள் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவு விட்டு நில்லுங்கள். படம் எடுக்கும்போது ஓர் அடிகூடப் பின்னோக்கி வைக்க வேண்டாம்.

கேள்வி: கல்லூரி நண்பர்கள் ஆகஸ்ட் விடுமுறையில் இந்தப் பாதையில் நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அப்போதுதான் குன்று பச்சைப்பசேல் என்று இருக்குமாமே? – மதுரை வாசகர்

பதில்: பச்சையாக இருக்கும் என்பது உண்மை. இருந்தாலும் ஆகஸ்டில் போக வேண்டாம். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கரையில் கொட்டித் தீர்க்கும். நனைந்த செம்பூரான் கல்லில் பாசி படர்ந்துவிட்டால் எந்தக் காலணியும் பிடிக்காது. பாதையே நீரோடையாகிவிடும் இடங்களும் உண்டு. அந்த மாதங்களில் படகும் ஓடாது என்பதால், ஹாஃப் மூன் கடற்கரையில் ஒருவருக்குக் கால் பிசகினால், அவரைத் தூக்கிக்கொண்டு அதே சரிவில் ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. அலையின் உயரத்தைக் கணித்துப் பாறையில் நிற்பவர்கள் மறந்துவிடும் ஒன்றையும் சொல்ல வேண்டும்: தொடர்ந்து வரும் அலைகள் ஒரே அளவில் இருப்பதில்லை, பத்து நிமிடம் நனையாத பாறையின் மேல் அடுத்த அலை ஆள் உயரத்துக்கு எழுந்து வரும்.

நவம்பருக்குத் தள்ளி வையுங்கள். மழை நின்று சில வாரங்களே ஆகியிருக்கும். பச்சை முழுவதும் போயிருக்காது.

கேள்வி: ஹாஃப் மூன் வரை நடந்து சென்று, சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டுப் படகில் திரும்பலாமா? – புதுச்சேரி வாசகி

பதில்: படகை முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் திரும்பலாம். படகுகள் ஓம் கடற்கரையிலிருந்து புறப்படுகின்றன. கட்டணம் பேசித் தீர்ப்பதுதான். கரையில் படகுத்துறை இல்லாததால், முழங்கால் அளவு நீரில் இறங்கித்தான் ஏற வேண்டியிருக்கும். கைபேசியையும் பணத்தையும் நீர்புகாத உறையில் வைத்துக்கொள்ளுங்கள். படகோட்டியின் எண்ணை வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது, குன்றின் மடியில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். வர வேண்டிய நேரத்தை வாய்ச்சொல்லாகவே உறுதி செய்துவிடுங்கள்.

ஜனவரியில் அங்கே மாலை 6.20 மணியளவில் சூரியன் மறையும். நம் பகுதிகளில் அந்தி நீடிப்பதில்லை. அரை மணி நேரத்துக்குள் பாதையில் கல் எது, குழி எது என்று தெரியாத அளவுக்கு இருட்டிவிடும். படகு வராவிட்டால் நடந்தே திரும்ப வேண்டியிருக்கும் என்பதால், தலையில் கட்டும் டார்ச் ஒன்று பையில் இருக்க வேண்டும். கைபேசி வெளிச்சத்தை நம்பினால் ஒரு கை அதற்கே போய்விடும். தனியாகச் செல்வதாக இருந்தால், தாங்கள் தங்கும் விடுதியில் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அவசர உதவிக்கு 112.