குழந்தையின் கண் முன்தள்ளினால் தொற்றா, கட்டியா?

உங்கள் ஆறு வயது மகனுக்கு இடது கண் வீங்கி முன்தள்ளியிருக்கிறது, கிளினிக்கில் கிருமித் தொற்று என்கிறார்கள், உறவினரோ கட்டியாக இருக்கலாம் என்கிறார், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கண் மருத்துவன் அல்லன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பல்லாண்டு மருத்துவ உதவியாளராக, எங்கள் ஆட்கள் சொல்வதுபோல் டிரஸராக, இருந்தவன்.

முதலில் பார்க்க வேண்டியது கண் உண்மையிலேயே முன்தள்ளியிருக்கிறதா என்பதைத்தான். பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று, தலையைச் சற்று அண்ணாந்திருக்கச் செய்து, நெற்றி வழியாகக் கீழே பாருங்கள். ஒரு விழி மற்றதைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கோளாறு இமையில் இல்லை, கண்குழிக்குள் இருக்கிறது. தொற்றோ கட்டியோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தொற்று பெரும்பாலும் சளியில் தொடங்கும். மூக்கையொட்டிய எலும்பறைகளில் சேரும் சீழ், காகிதம் போல் மெல்லிய எலும்புச் சுவரைத் தாண்டிக் கண்குழிக்குள் பரவுவதால், இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், சிவப்பு, விழியை அசைத்தாலே வலி என எல்லாம் சேர்ந்து வரும். கட்டியுள்ள பிள்ளையோ பெரும்பாலும் காய்ச்சலின்றி ஓடி விளையாடும். ஆனால் கண்குழியில் பிள்ளைகளுக்கு வரும் ராப்டோமயோசர்கோமா என்ற புற்றுநோய், சில நாட்களிலேயே வளர்ந்து இமையையும் சிவக்க வைத்துத் தொற்றைப் போலவே தோன்றும்.

அதில் நானே ஏமாந்திருக்கிறேன். செம்பனைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்த ஏழு வயதுச் சிறுமிக்குத் தொற்று என்று மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன். காய்ச்சல் இல்லை என்று அவள் தாய் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. மறுமுறை வந்தபோது அந்த அம்மா கைப்பேசியில் மூன்று வாரத்துக்கு முந்தைய பிறந்தநாள் படத்தைக் காட்டினார். கேக்குக்குப் பின்னால் சிரிக்கும் அந்த முகத்தில் வலது விழி அப்போதே சற்றுக் கீழிறங்கியிருந்தது. ஈப்போவில் ஸ்கேன் எடுத்து, சதைத் துணுக்கைச் சோதித்த பிறகுதான் நோய் உறுதியானது. கீமோவும் கதிர்வீச்சும் பெற்று இன்று இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். கண்குழியோடு நிற்கும் இந்நோயில் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துவிடுகிறார்கள்.

விழுந்து அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தாலோ, படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து ஏற்றி இரண்டு நாளாகியும் வீக்கம் வடியவில்லையென்றால், 'கட்டியாக இருக்குமா, மறுபடி ஸ்கேன் எடுப்பீர்களா' என்று தயங்காமல் கேளுங்கள். நீங்களாக ஸ்டீராய்டு மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். அது வீக்கத்தைச் சில நாள் அடக்கி நோயை மறைத்துவிடும். போகும்போது மகனின் பழைய படங்கள் இரண்டு மூன்றை எடுத்துச் செல்லுங்கள்.