முதலில் புள்ளிகளை வரையுங்கள், சூத்திரம் அப்புறம்

இரண்டு மாறிகளுக்கு இடையிலான தொடர்பையும் ரெக்ரெஷனையும் அடிப்படையிலிருந்து எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சூத்திரத்தில் போட்டால் விடை வருகிறது, வந்த விடை என்ன சொல்கிறது என்பதுதான் பிடிபடவில்லை, அப்படித்தானே?

ஒவ்வொரு ஜோடி மதிப்பையும் ஒரு புள்ளியாக வைத்து வரைபடம் போடுங்கள். அந்தப் புள்ளிகள் ஒரு நேர்கோட்டை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று சொல்லும் எண்தான் கோரிலேஷன். -1 முதல் +1 வரை வரும். ரெக்ரெஷன் அந்தக் கோட்டையே தருகிறது: எக்ஸ் ஒரு அலகு கூடினால் ஒய் சராசரியாக எவ்வளவு மாறும் என்பது அதன் சாய்வு. கோரிலேஷன் 0.9 இருந்தும் சாய்வு மிகச் சிறியதாக இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு அறிக்கை வந்தது. பயிற்சி வகுப்பில் ஒவ்வொருவர் பெயரிலும் பதிவான மணிநேரம் ஒரு பக்கம், அவருடைய வேலைத்திறன் மதிப்பெண் மறுபக்கம். கோரிலேஷன் 0.8-க்கு மேல். எல்லோருக்கும் பயிற்சி நேரத்தைக் கூட்டிவிடலாம் என்று மேலாளர் முடிவே செய்துவிட்டார். நான் தரவை வாங்கி வரைந்து பார்த்தேன். ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் இடது ஓரத்தில் எந்தச் சாய்வும் இல்லாமல் கும்பலாகக் கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் வலது மேல் மூலையில் தனியாக நின்றது. விசாரித்தால், அவர் பழுத்த அனுபவசாலி. வகுப்பு எடுப்பவரே அவர்தான். அதனால்தான் அவர் பெயரில் அத்தனை மணிநேரம். அவரை விட்டுவிட்டுக் கணக்கிட்டதும் கோடு படுத்துவிட்டது.

"மென்பொருளே எண்ணைக் கொடுக்கிறது, படம் எதற்கு?" என்றார் மேலாளர். புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுப்புகளை அவருக்குக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் கோரிலேஷன் சுமார் 0.816, கோடு ஒய் = 3 + 0.5 எக்ஸ். வரைந்தால்தான் வித்தியாசம் தெரியும்: ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, ஒன்றில் நேர்கோட்டை விட்டு விலகிய ஒற்றைப் புள்ளி. நான்காவதில் பத்துப் புள்ளிகளுக்கு எக்ஸ் 8, மீதி ஒன்றுக்கு 19. அந்த ஒன்றுதான் மொத்தக் கோட்டையும் தூக்கி நிறுத்துகிறது. எங்கள் அறிக்கையும் அதே கதைதான்.

பிடிக்காத புள்ளியைத் தூக்கி எறிவது மோசடி என்று யாராவது கீழே எழுதக்கூடும். எறியச் சொல்லவில்லை. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒரே விடை வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். வராவிட்டால், அந்தப் புள்ளி யார், ஏன் அங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அதுபோல, பயிற்சியே வீண் என்றும் நான் சொல்லவில்லை. அந்தத் தரவு அதை நிரூபிக்கவில்லை, அவ்வளவுதான்.

முடிவு கைவிடப்பட்டது. ஆனால் அடுத்த கூட்டத்தில் என் வரைபடம் இன்னொருவர் பெயரில் திரையில் ஓடியது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தரவோடு உட்கார்ந்து மல்லுக்கட்டியவர் பெயரை ஒரு ஓரத்திலாவது போடுவதில் என்ன கஷ்டம்?

சரி, இன்னொன்று. பரீட்சையில் இரண்டு ரெக்ரெஷன் கோடுகள் கேட்பார்கள். ஏன் இரண்டு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எக்ஸை வைத்து ஒய்யைக் கணிக்கும்போது, புள்ளிக்கும் கோட்டுக்கும் மேல்கீழாக (ஒய் திசையில்) உள்ள தூரங்களின் வர்க்கக் கூட்டுத்தொகையைக் குறைக்கிறோம். ஒய்யை வைத்து எக்ஸைக் கணிக்கும்போது கிடைமட்டத் தூரங்களை. குறைப்பது வேறு என்பதால் கோடும் வேறு. இரண்டும் சராசரிப் புள்ளியில் (எக்ஸின் சராசரி, ஒய்யின் சராசரி) வெட்டிக்கொள்ளும்; எல்லாப் புள்ளிகளும் ஒரே சாய்கோட்டில் இருந்தால் மட்டுமே ஒன்றாகிவிடும். ஐந்தாறு புள்ளிகளை வைத்து இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள்.