சுருதி, கரண்ட், சத்தம்: மேடை கிட்டார் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் சுருதி சேர்த்தால் அப்படியே நிற்கிறது. மேடையில் இரண்டு பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடுகிறது. ட்யூனிங் கீயை மாற்றிவிடலாமா?

பதில்: பெரும்பாலும் கீ மேல் தப்பு இருக்காது. புது ஸ்ட்ரிங்கை நிகழ்ச்சியன்று சாயந்திரம் மாட்டினீர்களா என்று முதலில் யோசியுங்கள். முந்தின நாளே மாட்டிவிட வேண்டும். தடித்த மூன்றுக்கும் கீத் தண்டில் இரண்டு, மூன்று சுற்று போதும். மெல்லிய மூன்றுக்கு ஒரு சுற்று கூடுதலாக இருக்கட்டும். சுருதி சேர்த்ததும் 12ஆம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அருகே ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒரு விரல் அளவு மெல்ல மேலே இழுத்து விடுங்கள். சுருதி இறங்கும். சேர்த்துவிட்டு மறுபடி இழுங்கள். இழுத்தும் இறங்காத நிலை வர நான்கைந்து முறை ஆகும்.

அடுத்து நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் பள்ளங்களில் தங்கும் சிறு பட்டை. ஜி ஸ்ட்ரிங்கை முறுக்கும்போது 'டிக்' என்ற சத்தத்தோடு சுருதி சட்டென்று தாவுகிறதா? ஸ்ட்ரிங் நட்டின் பள்ளத்தில் சிக்கிப் பிறகு விடுபடுகிறது. பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் தேய்த்தால் கிராஃபைட் பொடி வழுக்கலைத் தரும். 9 கேஜ் (ஸ்ட்ரிங்கின் தடிமன்) ஸ்ட்ரிங்கிலிருந்து சற்றுத் தடித்த 10க்கு மாறினால் இந்தத் தொல்லை சகஜம். பள்ளத்தை அகலப்படுத்த அதற்கென்றே உள்ள அரம் வேண்டும். ஆழம் கூடிவிட்டால் ஓப்பன் ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டில் உரசி இரையும், நட்டையே மாற்ற நேரும். பழக்கம் இல்லாதவர்கள் அரத்தை எடுக்க வேண்டாம்.

இது இரண்டும் சரி என்றால் விளக்குச் சூடுதான் காரணம். உலோகம் சூடேறி விரிந்தால் இழுவிசை குறைகிறது, சுருதி இறங்குகிறது. அரை மணி நேரம் முன்பே கிட்டாரை மேடை ஓரத்தில் ஸ்டாண்டில் வைத்து, விளக்கு எரியும்போது சுருதி சேருங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கீயின் பல்லில் தொய்வு மிச்சமிருக்கும். முதல் பெண்டிலேயே (ஸ்ட்ரிங்கை விரலால் பக்கவாட்டில் தள்ளி வாசிப்பது) நழுவும்.

கேள்வி: பாடும்போது மைக் உதட்டில் பட்டால் சுரீர் என்கிறது. ஆம்பிலிருந்து (கிட்டார் ஆம்ப்ளிஃபயர்) உறுமலும் வருகிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் உறுமல் போய்விடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. உறுமல் போகலாம், கூடவே உயிரும் போகலாம். கிட்டாரின் ஸ்ட்ரிங்குகள் பிரிட்ஜ் (உடலில் அவற்றைத் தாங்கும் பகுதி), கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. மைக்கின் வலைமூடி ஒலிபெருக்கி அமைப்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லையென்றால், கை ஸ்ட்ரிங்கிலும் உதடு மைக்கிலும் இருக்கும் உங்கள் உடம்புதான் நடுவில் கம்பியாகிறது. ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் ஸ்வான்சியில் மேடையிலேயே இறந்தது சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டதால்தான்.

சவுண்ட் செக்குக்கு முன்னால் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில், மிக உயர்ந்த அளவில் வையுங்கள். ஒரு முனை ஸ்ட்ரிங்கில், இன்னொன்று மைக்கின் வலைமூடியில். உலோகத்தில் கை படாமல் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பத்து, இருபது வோல்ட் என்று காட்டினாலே காரணம் தெரியாமல் வாசிக்காதீர்கள். கசிவு சின்னதாக இருந்தாலும் அது கோளாறின் அடையாளம். மேடை ஆம்புகளுக்கும் ஒலி அமைப்புக்கும் ஒரே இடத்திலிருந்து, எர்த் உள்ள இணைப்பில் மின்சாரம் எடுக்கச் சொல்லுங்கள். மைக்கில் பஞ்சு உறை மாட்டுவது தீர்வே இல்லை.

உறுமலுக்கு வேறு வழிகள் உண்டு. சிங்கிள் காயில் பிக்அப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) என்றால் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் அடங்கும். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரிலிருந்து தள்ளி நில்லுங்கள். கிரவுண்ட் லூப் (எர்த் இரண்டு வழிகளில் சேர்ந்து வளையமாவது) என்றால் டிஐ பாக்ஸில் (கிட்டார் சிக்னலை ஒலி அமைப்புக்கு அனுப்பும் பெட்டி) உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும், மின்சாரத்தின் எர்த்தைத் தொடாது.

கேள்வி: புதிதாக ஒரு டிஜிட்டல் டிலே பெடல் (எதிரொலி தரும், காலால் இயக்கும் பெட்டி) சேர்த்ததும் கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். பெடல் பழுதா?

பதில்: எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்துக் கொடுத்திருப்பீர்கள். டிஜிட்டல் பெடலின் உள் சத்தம் அந்தக் கம்பி வழியே ஓவர்டிரைவ் பெடலுக்குள் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போய்ப் பெரிதாகிறது. தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட அவுட்புட் உள்ள பவர் சப்ளை வாங்குங்கள். ஓவர்டிரைவ் பெரும்பாலும் 10 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும்; டிஜிட்டல் டிலே பல நேரம் 100 முதல் 300 வரை கேட்கும். பெடலில் அச்சிட்டிருப்பதைவிட அவுட்புட்டின் மில்லி ஆம்பியர் அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட்டும் பிளஸ், மைனஸ் முனையும் மட்டும் அப்படியே பொருந்த வேண்டும்.

கேள்வி: வால்யூம் எவ்வளவு கூட்டினாலும் குழுவோடு வாசிக்கும்போது என் கிட்டார் மட்டும் காணாமல் போகிறது.

பதில்: தனியாக வாசிக்கும்போது பேஸும் (தாழ்ந்த ஒலி) கெயினும் (சிக்னலைப் பெருக்கிக் கரகரப்பாக்கும் அளவு) தூக்கி, மிட்டை (நடு ஒலி) குறைத்தால் கேட்க ஜோராக இருக்கும். குழுவில் அதுவே எதிரி. கிட்டாரின் தடித்த ஈ ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் ஈ 41. நீங்கள் கூட்டும் பேஸ், பேஸ் கிட்டாரோடும் கிக் டிரம்மோடும் முட்டி மோதி மறைந்துவிடும். பேஸைக் குறைத்து, மிட்டை ஏற்றி, வீட்டில் வைக்கும் கெயினில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். கெயின் கூடினால் அடியின் அழுத்தம் தட்டையாகி, ஒலி பின்னுக்குப் போய்விடும். ஆம்பைத் தரையில் வைத்தால் ஸ்பீக்கர் உங்கள் கெண்டைக்காலுக்குத்தான் பாடும். சாய்த்து வையுங்கள், அல்லது ஸ்டூலில் ஏற்றுங்கள். இந்தத் திருத்தங்களைக் குழு முழுதும் வாசிக்கும்போது மட்டுமே செய்யுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு நிகழ்ச்சிக்கு என் வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்பைக் கொண்டுபோகலாமா? கிட்டாரை எப்படிக் கட்டுவது?

பதில்: ஆம்பை அங்கேயே வாடகைக்குக் கேளுங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230. 120க்குச் செய்த ஆம்பை 230இல் செருகினால் அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸோடு போகும், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். வாடகை வால்வ் ஆம்பில் ஸ்பீக்கர் கேபிள் மாட்டாமல் பவர் போடாதீர்கள்.

கிட்டாரின் தலை பின்னோக்கிச் சாய்ந்த வகை என்றால், பெட்டி விழும்போது முதலில் உடைவது கழுத்தும் தலையும் சேரும் இடம். தலைக்குப் பின்னாலும் கழுத்துக்கு அடியிலும் துணியைச் செருகி, பெட்டிக்குள் ஆடாமல் பாருங்கள். ஸ்ட்ரிங்கை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் போதும். சாதாரண ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டுக்கு சைட்டிஸ் (அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதித் தாள் 2019 நவம்பரிலிருந்து தேவையில்லை. பிரேசில் ரோஸ்வுட் என்றால் இன்றும் வேண்டும்.

கேள்வி: எப்போதும் ஒரே ஸ்ட்ரிங் அறுகிறது. ஏன்?

பதில்: அறுந்த இடத்தைப் பாருங்கள். பிரிட்ஜ் பக்கம் என்றால் அந்த சேடிலில் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் தங்கும் துண்டு) கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும். 600 நம்பர் உப்புத்தாளை மடித்துப் பள்ளத்தில் நாலு தேய்ப்பு தேய்த்தால் தீரும்.