சாமி சாப்பிட வந்துவிட்டால்?

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் தொடர்கதையில் வரும் சாகாவரம் பெற்ற பழைய ராஜா, முடியைத் துறந்து 300 வருஷம் ஆகிறது. மலைமேல் வைத்து ஊரே சாமி என்று கும்பிடுகிறது. பகைவர் படை அடிவாரம்வரை வந்தும் அவர் இறங்கவில்லையே! சாவே இல்லாதவருக்கு என்ன பயம்? மகாபலிகூட வருஷம் ஒருமுறை வந்து ஜனங்களைப் பார்க்கிறார்.

— வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

மகாபலியை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று. அவரும் சிரஞ்சீவி, அவரும் ஆட்சியை இழந்தவர். ஆனால் ஓணத்துக்கு வந்தவர் பூக்கோலம் வாடுவதற்குள் கிளம்பிவிடுகிறார். அவர் ஆண்ட காலத்தைப் பற்றி மிச்ச நாளெல்லாம் ஆசைதீரப் பேசிக்கொள்ளலாம். என் ராஜா எங்கேயும் போவதில்லை. சிக்கலே அதுதான்.

கதை பிறந்தது எங்கள் வீட்டுப் படைப்பில், அதாவது முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடும் நாளில். முன்னோருக்குப் புதுச்சேலையும் வேட்டியும் மடித்து வைத்து, இலை போட்டுப் பரிமாறி, எல்லாரும் கும்பிட்டு நிற்கிறார்கள். எனக்கு எட்டு வயது. இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பளம் லேசாக அசைந்தது. காற்றுதான். “ஆயா, வந்துட்டாக!” என்று கத்திவிட்டேன். ஆயா திரும்பிய வேகத்தில் பக்தியைக் காணோம், கலவரம்தான் இருந்தது. பின்னே? வந்தவர் ஆசி சொல்லிப் போனால் சரி. சம்மணம் போட்டுச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, “வளவுல நின்ன பர்மாத் தேக்குத் தூணு எங்கே?” என்று கேட்டால்? அது காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போன கதையை யார் சொல்வது?

முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்களுக்கு ‘இறையென்று வைக்கப் படும்’ என்கிறது குறள் (388). ஆள்கிறவனைப் பற்றிய பேச்சு அது. என் கண் அந்த ‘வைக்கப் படும்’ மேலேயே நின்றுவிட்டது. வைக்கிறவர்கள் ஜனங்கள். வைத்த இடத்தைவிட்டு அவராக நகர்ந்தால் முதலில் பதறுவது பகைவன் இல்லை, பூசாரிதான்.

ராஜாவுக்கும் பயம் உண்டு தம்பி, சாவைப் பற்றி இல்லை. இறங்கினால் அம்பு படும், ரத்தம் வரும், வலிக்கும். சாக மாட்டார், அவ்வளவுதான். வலியில் அவர் அலறுவதைக் கேட்ட ஜனம் அப்புறம் கும்பிடுமா?

ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு படி இறங்குகிறார். அதற்கே பூசாரிகள் கோவில் கதவைச் சாத்த ஓடுகிறார்கள், வெளிப்பக்கமாக.