வாசகர் கேள்வி – பதில்: கடைமடையில் தெரியும் தலைவர்

தலைவர் என்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: முதல் முறையாக வாக்களிக்கப் போகிறேன். தலைவருக்கு நேர்மைதான் முதல் தகுதி என்கிறார் அப்பா. நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, காரியம் நடக்க வேண்டாமா என்கிறார் சித்தப்பா. யார் சொல்வதை ஏற்பது?
– கல்லூரி மாணவி, மன்னார்குடி

பதில்: அப்பாவின் பக்கம் நிற்கவே எனக்கு விருப்பம். ஆனால் ஒரு காசும் கை நீட்டி வாங்காமல், அதே சமயம் யாருடைய பொல்லாப்பும் வேண்டாம் என்று எந்தக் காரியத்தையும் தொடாமல் ஐந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டுப் போன நல்லவர்களையும் பார்த்திருக்கிறேன் என்பதால், சித்தப்பாவின் சலிப்பும் புரிகிறது.

நீங்கள் ஆற்றுப்பாசன ஊர்க்காரர். மேட்டூர் அணை நிரம்பி, வழக்கம்போல் ஜூன் 12-ஆம் தேதி திறந்துவிடும் ஆண்டில் யார் பொறுப்பில் இருந்தாலும் ஊர் நடந்துவிடும். தண்ணீர் குறைந்து, முறை வைத்துத் திறக்கும் ஆண்டில்தான் ஆள் யார் என்று தெரியும். பல ஆண்டுகளுக்கு முன், அப்படியொரு வறட்சியில், எங்கள் பகுதி வாய்க்கால் ஒன்றில் தலைமடைக்காரர்கள், அதாவது தண்ணீர் முதலில் வந்து சேரும் வயல்களுக்குச் சொந்தக்காரர்கள், குறுக்கே வைக்கோலும் களிமண்ணும் போட்டு அடைத்து, தங்கள் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையில் நட்ட பயிர் வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஊராட்சித் தலைவர் இரவு பத்து மணிக்கு மேல் கையில் டார்ச் விளக்கும் தோளில் மண்வெட்டியுமாக அந்த அடைப்பு வரை நடந்தார். அடைத்திருந்தவர் அவருடைய சொந்தத் தாய்மாமன். தேர்தலில் அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர். “மாமா, உங்க வயல்ல கணுக்கால் அளவு நிக்குது. அங்க வெடிச்சுப் போச்சு. விடியுற வரைக்கும் விட்டுடுங்க” என்றார் தலைவர். மாமன் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். இவர் மறு பேச்சுப் பேசாமல் அடைப்பை வெட்டிவிட்டு, பக்கத்து மதகின் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போனால் மறுபடியும் அடைபடும் என்பது தெரிந்ததால் விடியும் வரை அங்கிருந்து நகரவில்லை. அடுத்த தேர்தலில் அவர் ஜெயித்தாரா என்று கேட்பீர்கள். இல்லை.

தனக்கு வாக்களித்தவர்களைப் பார்த்து “உங்களுக்கு இது போதும்” என்று சொல்லும் துணிவைத்தான் நான் முதலில் வைப்பேன். அந்தத் துணிவுக்கு அப்பா சொல்லும் நேர்மை வேண்டும், ஏனென்றால் தலைமடையில் கை நனைத்தவருக்கு அடைப்பின் மேல் மண்வெட்டி எழும்பாது.

கேள்வி: மேடையில் பேசத் தெரியாதவர் தமிழ்நாட்டில் தலைவராக முடியுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கடினம்தான். பேச்சு வேண்டும், எதைப் பேசுகிறார் என்பதில்தான் எனக்கு வழக்கு. காவிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்க நடுவர் மன்றம் 1990-இல் அமைந்தது. அதன் இறுதித் தீர்ப்பு 2007-இல் வந்தது. மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பில்லிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தர வேண்டும் என்ற அந்த அளவை, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. குறைந்த 14.75-இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்காக, மீதி 10 டி.எம்.சி., நம்மிடம் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக. அந்த வாரம் தொண்டை கிழிய முழங்கியவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பத்து டி.எம்.சி. எந்தக் கணக்கில் போயிற்று, கடலோரத்தில் ஆழ்குழாய் இறக்கினால் உப்புத் தண்ணீர் வருகிற உங்கள் ஊர்க்காரருக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும், இனி யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாக விளக்கக்கூடியவர் ஒருவர் உங்கள் பகுதியில் இருந்தால், அவர் மைக்கைப் பிடிக்கத் தடுமாறினாலும் பாதகமில்லை.

கேள்வி: தலைவர் இந்த மண்ணில் பிறந்தவராக இருக்க வேண்டாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்திருப்பது வியப்பாக இருக்கிறது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ், தென் கன்னடப் பகுதியிலிருந்து வந்து, 1940-களில் கீழத்தஞ்சையின் பண்ணையாள்களையும் குத்தகை விவசாயிகளையும் ஒன்று திரட்டியவர். பண்ணையார்களின் சவுக்கடிக்கும், தண்டனையாகக் குடிக்க வைத்த சாணிப்பாலுக்கும் எதிராக அந்த மக்கள் நிமிர்ந்து நின்றதில் அவருக்குள்ள பங்கு பெரிது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இருந்தது அந்த ஆண்டுகளின் போராட்டம். அவருடைய நினைவிடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அந்தச் சவுக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கேள்வி: வேட்பாளருக்குக் கல்வித் தகுதியும் வயது வரம்பும் வைத்தால் நல்லவர்கள் வருவார்கள் அல்லவா? சோழர் காலத்தில் வைத்திருந்தார்களே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: வைத்திருந்தார்கள், ஐயா. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35 வயதுக்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் வயதும், வேதப் படிப்பும் உள்ளவர்களின் பெயர்களைத்தான் குடவோலையில் இட வேண்டும் என்றிருக்கிறது. பெண்களும் நிலமற்றவர்களும் அந்தக் குடத்தின் பக்கமே வர முடியாது என்பதால், அதை மக்களாட்சியின் முன்மாதிரியாகக் கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. இன்று அந்த விதிகளை வைத்தால், நான் மேலே சொன்ன ஊராட்சித் தலைவரே நிற்க முடியாது. அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்.

ஆனால் அதே கல்வெட்டில் ஒரு விதி இருக்கிறது: வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரையும் குடத்தில் இடக் கூடாது. தந்தை காட்டாத கணக்குக்கு மகனும் தகுதி இழக்கிறான். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்போது ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களிலும், மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊராட்சித் தலைவர் வரவு செலவை அங்கே வாய்விட்டுப் படிக்கிறாரா, கையெழுத்தை மட்டும் வீடு வீடாக வாங்கிக்கொள்கிறாரா என்று பார்த்துவிட்டு வந்தால் போதும், பட்டச் சான்றிதழைக் கேட்க வேண்டியிராது.

கேள்வி: எளிதில் அணுகக்கூடிய தலைவர் என்கிறார்களே, அதை எப்படி அளப்பது?
– இல்லத்தரசி, திருவாரூர்

பதில்: மனுநீதிச் சோழன் கதையை உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்தேரைக் காட்டி, பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டான் என்று சொல்லி வியக்கிறோம். எனக்கு அந்த மணியின் கயிறுதான் முக்கியமாகப் படுகிறது. கன்றை இழந்த ஒரு பசு, காவலர் யாரையும் கெஞ்சாமல், தானே இழுக்கும் அளவுக்கு அது தாழ்ந்து தொங்கியிருக்கிறது.

அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தின் வாசலில் சாலையோரமாக நெல்லைக் குவித்து, தார்ப்பாயைப் போர்த்தி, முறைக்குக் காத்திருக்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, வாங்க முடியாது என்கிறார்கள். வாக்குக் கேட்டு வந்தபோது வீட்டில் கொடுத்துவிட்டுப் போன அந்தக் கைப்பேசி எண்ணுக்கு அன்றிரவு எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள். அவரே எடுத்து, “எத்தனை மூட்டை, எந்த நிலையம்?” என்று கேட்கிறாரா, உதவியாளர் எடுத்து, “நீங்க யாரு, நம்ம கட்சியா?” என்று கேட்கிறாரா என்பதில் கயிற்றின் உயரம் தெரிந்துவிடும்.