திறமையான பந்தய வீரர் புதிய மோட்டார் சைக்கிளில் ஏறியதும் தடுமாறுவது ஏன்? குறை அவருடையதா, வண்டியுடையதா?

இதே கேள்வி 2019-ஆம் ஆண்டு முழுவதும் எங்கள் ஊர் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்) மேசைகளில் அடிபட்டது. எங்கள் ஊர் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை; பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் தோட்டத்து மக்களின் வாயில் பழைய பெயர்தான் நிற்கிறது. விவாதத்துக்குக் காரணம் ஹஃபிஸ் ஷாரின். உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உச்ச வகுப்பான மோட்டோ ஜிபியில் ஓட்டிய முதல் மலேசியரான அவர், 2018-இல் டெக்3 அணியின் யமஹாவில் 46 புள்ளிகள் எடுத்தார். மலேசியாவின் செப்பாங் தடத்தில் நம் ஆட்கள் முன்னிலையில் பத்தாவதாக வந்தார். மறு ஆண்டு அதே அணி கேடிஎம் வண்டிக்கு மாறியது. அவருடைய புள்ளிகள் 9 ஆகச் சுருங்கின. "பையனுடைய திறமை அவ்வளவுதான்" என்று பேசியவர்களே அதிகம். அன்றும் நான் அதை ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

2018-இல் அவருடன் அதே அணியில் யமஹா ஓட்டியவர் பிரான்சு நாட்டின் ஜொஹான் ஸார்கோ. அந்த ஆண்டு மூன்று முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்து மேடையேறி, 158 புள்ளிகளுடன் ஆறாம் இடத்தில் முடித்தவர். அவரும் 2019-இல் கேடிஎம் நிறுவனத்தின் சொந்த அணிக்குப் போனார். ஒரு மேடையும் கிடைக்காமல், இரண்டாண்டு ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு முடிவதற்குள்ளாகவே விலகினார். ஆனால் 2020-இல் டுகாட்டியில் ஏறியவர் செக் நாட்டின் பர்னோவில் முதலிடத்திலிருந்து புறப்பட்டு மூன்றாவதாக வந்தார், 2023-இல் ஆஸ்திரேலியாவில் வெற்றியே பெற்றார். திறமை இடையில் ஓராண்டு விடுப்பில் போய்விட்டுத் திரும்பியது என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா?

இரண்டு வண்டிகளும் கேட்பது வெவ்வேறு. யமஹாவின் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்பது, வண்டியின் சட்டம் (ஃபிரேம்) அலுமினியம். வளைவுக்குள் வேகத்தை விடாமல், பிரேக்கை மெல்ல மெல்ல விடுவித்து, வட்டமாக ஓட்டுபவருக்கு அது பணியும். கேடிஎம் ஆர்சி16-இல் இருப்பது நான்கு சிலிண்டர்களும் 'V' வடிவில் நிற்கும் வி4 எஞ்சின், எஃகுக் குழாய்ச் சட்டம். கடைசி நொடி வரை பொறுத்து முரட்டுத்தனமாக பிரேக் பிடித்து, வண்டியைத் திருப்பி, உடனே நிமிர்த்தி ஆக்சிலேட்டரை முறுக்குபவருக்குத்தான் அது அன்று பலன் கொடுத்தது. போல் எஸ்பர்காரோ அப்படி ஓட்டக்கூடியவர். 2019-இல் அதே வண்டியில் சரியாக 100 புள்ளிகள் எடுத்தார். மென்மையாக ஓட்டுபவருக்கோ முன்சக்கரம் எப்போது பிடி விடும் என்ற தகவல் கையில் வந்து சேரவில்லை. அந்தத் தகவல் இல்லாமல் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் சாய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பது போன்றது.

இதை நான் அனுபவத்தில் அறிந்தது பந்தயத் தடத்தில் அல்ல, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில். பதினேழு வயது வரை அப்பாவின் ஹோண்டா இஎக்ஸ்5 தான் எனக்கு எல்லாம். பிறகு சித்தப்பா தம்முடைய யமஹா ஆர்எக்ஸ்இசட்டை ஒரு மாலை ஓட்டக் கொடுத்தார். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) திரும்பும் வளைவில், வழக்கம்போலத் தண்ணீர்த் தொட்டி வந்ததும் ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கைத் தொட்டேன். இஎக்ஸ்5 என்றால் கை விட்டவுடனே எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆர்எக்ஸ்இசட் டூ ஸ்ட்ரோக். அந்த இழுப்பு அதில் இல்லாதது போலத்தான். வண்டி ஏதோ இறக்கத்தில் போவதுபோல ஓடி, வளைவைத் தாண்டி, என்னையும் சேர்த்து வடிகாலில் இறக்கியது. ஓடிவந்த சித்தப்பா முதலில் வளைந்துபோன கியர் மிதியைப் பார்த்தார், பிறகுதான் என் முட்டியைப் பார்த்தார். "எங்கடா பிரேக் புடிச்ச?" என்றார். "தண்ணித் தொட்டிகிட்ட, சித்தப்பா." "அது உங்க அப்பா வண்டிக்கு உள்ள எடம்டா."

எனவே என் பதில்: குறை ஓட்டுபவருக்கும் வண்டிக்கும் இடையில் இருக்கிறது, அது பல வேளைகளில் மிகச் சிறியது. ஹொர்கே லொரென்ஸோ மூன்று முறை மோட்டோ ஜிபி உலகப் பட்டம் வென்றவர். டுகாட்டியில் 2017 முழுவதும் ஒரு வெற்றியும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது உடலின் பாரம் முழுவதும் கைகளில் இறங்கி அவரைக் களைப்படைய வைத்தது. பெட்ரோல் தொட்டியின் வடிவத்தை மாற்றி, தொடையும் இடுப்பும் ஊன்றிக்கொள்ள இடம் கொடுத்தபின், 2018-இல் இத்தாலியின் முஜெல்லோவில் வென்றார். அடுத்து கத்தலூனியாவிலும் ஆஸ்திரியாவிலும் வென்றார். வேடிக்கை என்னவென்றால், அதற்குள் அவர் ஹோண்டாவுக்குப் போவது உறுதியாகிவிட்டது. அங்கே 2019-இல் முதல் பத்து இடங்களுக்குள் ஒருமுறைகூட வராமல், முதுகெலும்பு முறிவும் பட்டு, ஓய்வு பெற்றார். அதே ஆண்டு அதே ஹோண்டாவில் மார்க் மார்க்கெஸ் 12 பந்தயங்களை வென்றார்.

"ஹஃபிஸின் அணியிலேயே, அதே கேடிஎம்மில் புதுமுகம் மிகேல் ஒலிவேரா 33 புள்ளிகள் எடுத்தாரே?" என்று எங்கள் மேசையில் ஒருவர் விடாமல் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒலிவேரா அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் மோட்டோ ஜிபிக்கு அடுத்த படியான மோட்டோ2 வகுப்பில் கேடிஎம் சட்டத்தில் ஓட்டியவர். மறக்க வேண்டிய யமஹாப் பழக்கம் எதுவும் அவரிடம் இல்லை. ஹஃபிஸ் 2020-இல் மறுபடியும் மோட்டோ2-க்குத் திரும்பினார். ஸார்கோவுக்குக் கிடைத்த டுகாட்டி போன்ற இன்னொரு வண்டி அவருக்குக் கிடைக்கவில்லை.

என் கதையில், தண்ணீர்த் தொட்டிக்கு முன்னதாக உள்ள மண்டோர் (கங்காணி) வீட்டு வேலியைப் புதிய இடமாகப் பழக எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதன்பின் ஒருநாள் அப்பாவின் இஎக்ஸ்5-ஐ எடுத்துப் போனபோது, கை தானாகவே அந்த வேலியருகில் பிரேக்கைப் பிடித்தது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரி ஓட்டுநர், ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே என்னைத் தாண்டிப் போனார்.